மதிலுக்கு அங்கால நிற்கும் நாவல்

கல்முனையிலிருந்து தெற்கே போகும் எங்கள் பேருந்து பழுதாகி நிற்கிறது. பக்கத்தில் பல்கலைக்கழக மதில். போர் ஓய்ந்த பிறகு ‘பசுமை வளாகம்’ என்று அதில் பலகை மாட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு மேலே ஒரு நாவல் மரம் தழைத்து நிற்கிறது. எதிரே, றசீனாவின் தேநீர்க் கடை வாசலில் நிற்கும் நாவல் என் இடுப்பைக்கூட எட்டவில்லை.

“ரெண்டும் ஒரே நாளில நட்டதுதான், காக்கா,” என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்கிறாள் றசீனா. “சுனாமிக் கடல் வந்த மறு வருசம் எங்களுக்கும் நாவல் கண்டு குடுத்தாங்க. எங்கட கிணறு கடல் புகுந்த நாளிலிருந்து உப்பு.”

வளாகப் பள்ளிவாசலில் தொழப்போகிறவர்கள் முகம், கை, கால் கழுவி வுழூ எடுக்கும் நீர் குழாய் வழியாக மரங்களுக்குப் போகிறதாம். நல்ல ஏற்பாடு என்கிறேன்.

“ஓம், நல்லந்தான். அந்த மரம் அஞ்சு நேரமும் குளிக்குது. பாத்தா வயிறெரியுது.”

கைகழுவ இடம் கேட்டால் கன்றின் அடியைக் காட்டுகிறாள். பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீர் அங்கே வாளியில் இருக்கிறது. சில நாட்களாக வாடிக்கையாளர்கள் எல்லோரும் அங்கேதான் கழுவ வேண்டுமாம்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கிறது. தேநீர் குடித்த மாணவர்கள் இருவர் வளாகப் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறார்கள்.

“மகன், இஞ்சயே வுழூ எடுத்திட்டுப் போங்களன்.”

ஒருவன் சிரித்தபடி கன்றருகே குந்துகிறான். “பழுத்தா எனக்கும் தரணும், சாச்சி.”

“முதல்ல காலக் கழுவு. வடிவா ஊத்து.”

மற்றவனும் குந்துகிறான். றசீனா மதிலுக்கு மேலே தெரியும் நாவலைப் பார்க்கிறாள்.

“அதுக்கு இண்டைக்கு ரெண்டு பேர்ட தண்ணி குறைவு.”