அம்மாவின் கோல்களும் பிள்ளைகளின் ஏக்கமும்

வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவுக்காகப் பிள்ளைகள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்று அளப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள், சம்பளமும் தருகிறார்கள். படிவத்தில் ஏக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு. ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘எப்போதும்’ வரை போகும். பிள்ளை சொல்வதைக் கேட்டு ஒரு கட்டத்தில் நான் புள்ளடி போடவேண்டும்.

என் அம்மாவும் வெளிநாட்டில்தான், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அவள் புறப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. இடையில் இரண்டு முறை லீவில் வந்து போனாள். வேலைக்கான நேர்முகத்தில் இதை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனேன். பேனாவும் படிவமுமாக யார் வந்தாலும் நிவாரணத்துக்குப் பெயர் எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எங்கள் தோட்டங்களில் எல்லாரும் அறிந்த விஷயம். ஒரு அக்கா வெளிநாடு போன தன் தங்கையின் மகளை என் முன்னால் தள்ளிவிட்டு, “டெய்லி அழுவுதுன்னு எழுதுங்க மிஸ், ஏதாச்சும் குடுப்பாங்கல்ல” என்றார். அந்தப் பிள்ளையோ பிஸ்கட் தின்றபடி எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது. அதன் பிறகு பெரியவர்கள் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் கேட்டேன்.

எல்லாவற்றையும் பதுளை அலுவலகத்தில் கணினியில் ஏற்றினோம். அம்மா அடிக்கடி போனில் கோல் எடுக்கும் பிள்ளைகளிடம்தான் ஏக்கமும் அதிகமாக இருந்தது. ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறது. இணைபு என்று புள்ளிவிபரப் பாடத்தில் படித்தது இதைத்தான். ஆய்வை நடத்தும் மேடம் கொழும்பிலிருந்து வந்து பார்த்தார்.

“பாத்தீங்களா, கோல் கூடக் கூடப் பிள்ளைகள் குழம்புறாங்க. அம்மாமார் கோல் எடுக்கிறதைக் குறைச்சா நல்லம் என்று அறிக்கையில போடுவம்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “மேடம், ரெண்டும் சேர்ந்து கூடுதுன்னா, கோலாலதான் ஏக்கம்னு ஆயிருமா? ஏங்குற புள்ளைக்குத்தான் அம்மா அடிக்கடி எடுக்குறாங்களோ என்னமோ.”

“அது எப்படித் தெரியும்?” என்றார். தெரியாதுதான், படிவத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை. கொஞ்சம் யோசித்தவர், தாய்மாரிடமும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று அந்த வரியை நிறுத்திவைத்தார்.

ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. மேடத்துக்குச் சொன்ன நியாயத்தை என் வீட்டு விஷயத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா என் தங்கச்சிக்குத் தினமும் கோல் எடுப்பாள், எனக்கு எப்போதாவது. கோல் குறைவு என்றால் பாசமும் குறைவு என்று பதினான்கு வயதிலேயே முடிவுகட்டி, அந்த வைராக்கியத்திலேயே படித்து வளர்ந்தவள் நான்.

படிவம் கொண்டு வருபவரிடம் இல்லாத கஷ்டத்தையும் சொல்லும் நாங்கள், வெளிநாட்டில் இருப்பவளிடம் இருக்கிற கஷ்டத்தையும் சொல்ல மாட்டோம். “அங்க இருந்துக்கிட்டு அவ என்னத்தப் பண்ணுவா? நல்லா இருக்கோம்னு சொல்லு” என்று சொல்லித்தான் அப்பா போனைக் கையில் தருவார். நான் பெரிய மனுஷி ஆனபோதும், மழையில் நாங்கள் இருந்த காம்பராச் சுவர் இடிந்தபோதும் “நல்லா இருக்கேம்மா” என்றுதான் சொன்னேன். தங்கச்சியால் முடியாது. அம்மா குரல் கேட்டதுமே ஓவென்று அழுதுவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு ஓய்வு நாள் என்று தெரிந்து நானே கோல் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “ஏம்மா, தங்கச்சிக்கு மட்டும் டெய்லி எடுத்த? எனக்கு ஏன் எடுக்கல?”



“அவ அழுவா. நான் எடுக்கலன்னா சாப்புட மாட்டா. நீ எப்பவும் நல்லா இருக்கேன்னுதான சொல்லுவ. மூத்தவளப் பத்தி ஒரு கவல இல்லன்னு நிம்மதியா இருந்தேன்.” பிறகு குரல் மாறியது. “ஏன் புள்ள, நீ நல்லா இல்லையா?”

பழகிய பதில் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

“இல்லம்மா. நல்லா இல்ல. நீ எனக்கு வேணும்.”

இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தோம்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே அம்மா கோல் எடுத்தாள். அதற்கடுத்த நாளும் எடுத்தாள். இப்போது தினமும் எடுக்கிறாள். என்ன சாப்பிட்டேன், பதுளையில் மழையா என்றெல்லாம் விசாரிக்கிறாள். மேடம் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு முறை போனை வைத்த பிறகும், அவள் எப்போதாவது கோல் எடுத்த காலத்தைவிட மோசமாக ஏங்குகிறேன். ஆனாலும் ஒரு நாள் கோல் வரவில்லையென்றால் நான் சாப்பிட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.