கல்வெட்டில் கமா

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கித் தொடங்கி, கேரளாவுக்குச் சொந்த லாரியில் காய் அனுப்பும் அளவுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்ததும் நான்தான். திண்டுக்கல்லில் வேறு எவன் தனி ஆளாகக் கட்டினான், சொல்லுங்கள். வாசலில் பதிக்கும் கல்லில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், நான் சுயமாக முன்னேறியவன் என்பதும் அதில் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன்.

பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கமா. திருச்சியில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என் மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்து, கமாக்களை எல்லாம் பேனாவால் அடித்தார். ‘செல்ஃப்’, ‘மேட்’ இரண்டுக்கும் நடுவே சின்னக் கோடு ஒன்று போட்டார்.

“வரி முடிஞ்சாலே நின்னுதான மாமா படிக்கிறோம், கமா எதுக்கு? கோடுதான் அவசியம்.”

சாமியாரிடம் போனேன்.

“கோடு இருக்கட்டும். கமாவ எடுக்கக் கூடாது. நாங்க அப்படித்தான் படிச்சோம்.”

“அப்ப மாப்பிள்ளை சொன்னது தப்பா சாமி?”

“தப்புன்னு சொல்லலையே.”

“ரெண்டும் சரியா?”

“ரெண்டும் சரிதான். நான் எழுதுனது கொஞ்சம் கூடுதலாச் சரி.”

தக்காளி எத்தனை நாள் தாங்கும் என்று தொட்டே சொல்லிவிடுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை.

கல் கொத்துகிறவர் உளியோடு உட்கார்ந்திருந்தார். “கொத்திட்டா அழிக்க முடியாது மொதலாளி. கமா உண்டா, இல்லையா?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க. லாரி வாங்கயில இம்புட்டு யோசிச்சீங்களா?”

அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து மகள் போன் செய்தாள்.

“சாமியார்ட்டப் போய்க் கேட்டீங்களாம்ல? இவரு முகங்குடுத்துப் பேச மாட்டேங்கறாரு. என் படிப்பு மேல ஒங்கப்பாவுக்கு நம்பிக்கை இல்லைங்கறாரு.”

“எது சரின்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன் தாயி.”

“தப்பாவே இருந்தாலும் அது கல்லுல கெடக்கும்ப்பா. இந்த வீட்ல நான்ல இருக்கணும்.”

விடிந்ததும் போய்க் கமா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திறப்பு நாளில் சாமியார் கல்லின் முன் செத்த நேரம் நின்றார். “கோடு நல்லா விழுந்திருக்கு” என்றார். கமாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கோபமா, மறந்துவிட்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் நகர்ந்ததும் மாப்பிள்ளை கல்லைக் காட்டி என் மகளுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் சிரித்த முகமாகத் தலையாட்டினாள். அவளுக்காவது புரிந்ததா என்று நான் கேட்கவில்லை.