மஞ்சள் க்ளிப்

என் காதில் முதன்முதலாகத் தொங்கியது தங்கமில்லை, துணி காயப்போடும் ப்ளாஸ்டிக் க்ளிப். மஞ்சள் கலர். ஒன்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தேன். காரணம் என் அப்பா, என் தாய்மாமா, அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்து சேர்ந்தே உடைத்த ஒரு ப்ளேன்.

ப்ளேன் என்றால் ரிமோட் ப்ளேன். டப்பாவைப் பிரித்ததும் பறக்கும் கடைச் சரக்கு கிடையாது. எழுபதுகளில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டிக்குப் பறக்கவிட்ட மாடல். தலைகீழாகப் போகும், உருளும், வானத்தில் பெரிய வட்டம் போட்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, பஞ்சு மாதிரி எடையே இல்லாத பால்சா மரத்தை ப்ளேடால் அறுத்து, ஒட்டி, மேலே மெல்லிய பட்டுத்துணி போர்த்தி, அது மேளத்தோல் மாதிரி இறுகும்வரை வார்னிஷ் போல ஒன்றை அடித்துக்கொண்டே இருப்பார்கள். எஞ்சினுக்கு ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அதனால் என்னதான் ஸ்டைலாகப் பறந்துவிட்டு வந்தாலும் கிட்டப் போனால் பேதிக்குக் கொடுத்த வீட்டு வாசம்தான் அடிக்கும்.

அப்பாவுக்கு எங்கள் ஊரான கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பம்பு வார்ப்பதற்கு மரத்தில் அச்சு செய்யும் பட்டறை வைத்திருந்தார். மரவேலையெல்லாம் மாமா, எஞ்சினும் வயரும் அப்பா. பறக்கவிடும்போது ஆளுக்கு ஒரு தடவை. கையில் பிடித்து ஓட்டும் ரேடியோ செட் மட்டும் ஆளுக்கு ஒன்று, அதுவும் ஜோடியாக, ஒரே சேனலில் வாங்கினார்கள். இருப்பது ஒரே ப்ளேன், யார் செட்டை எடுத்தாலும் அது கேட்க வேண்டும் என்பது கணக்கு.

ஒருநாள் அப்பா பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, மேலிருந்து வேகமாக இறக்கி வெடுக்கென்று நிமிர்த்தினார். இரண்டு இறக்கையும் நடுவில் மடங்கி, வானத்திலேயே கும்பிடு போட்டன. ப்ளேன் சோளக்காட்டில் செருகிக்கொண்டது.

"நடு ஒட்டுல பசை பத்தலீங்க மச்சான்," என்றார் அப்பா.

"ஒட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அந்த இழுவைக்கு நெசப் ப்ளேனே மடங்கிப்போயிருமுங்க மாப்ள," என்றார் மாமா.

அவ்வளவுதான் சண்டை. யாரும் குரல் உயர்த்தவில்லை, எல்லா வாக்கியத்திலும் "ங்க" இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. எங்கள் ஊரில் மரியாதையாகப் போட்ட சண்டைக்குத்தான் ஆயுசு அதிகம்.

இரண்டு பேரும் தனித்தனியாக அதே வரைபடத்தில் ஆளுக்கொரு ப்ளேன் செய்ய ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு, ஒட்டு சரியாக இருந்தால் தன் கையில் ப்ளேன் உடையாது என்று காட்ட வேண்டும். மாமாவுக்கு, தன் ஒட்டு எந்தக் காலத்திலும் விடாது என்று காட்ட வேண்டும். ஆறு ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் மைதானத்தில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ப்ளேன் நின்றது. சொல்லிவைத்த மாதிரி இரண்டிலும் வெள்ளைக் கோடு வேறு.

மைதானம் என்று நான் சொல்வது அன்னூர் ரோட்டில் மனை பிரித்துப் போட்டு ஒரு வீடும் வராத லேஅவுட். தார் ரோடு, கலர் கொடி, எல்லைக்கல், "பூங்கா" என்று ஒரு போர்டு, போர்டுக்குப் பின்னால் வெறும் முள்ளுச்செடி. மனை போட்டவருக்குத் தலைவலி, எங்களுக்கு ரன்வே.

அந்தப் பூங்கா போர்டில்தான் க்ளிப்புகள் மாட்டியிருக்கும். பழைய செட்டில் ஒரே சேனலில் இரண்டு பேர் சுவிட்ச் போட்டால் ப்ளேனுக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாது, கீழே விழுந்துவிடும். அதனால் சேனலுக்கு ஒரு கலர் க்ளிப். அதை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டியிருப்பவர் மட்டுமே சுவிட்ச் போடலாம். அப்பா, மாமா இரண்டு பேருக்கும் ஒரே சேனல். ஆகவே ஒரே மஞ்சள் க்ளிப். ஒருவர் இறக்கினால்தான் மற்றவர் ஏற்ற முடியும். ஆனால் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. அங்கேதான் நான். மாமா ஏரியலிலிருந்து க்ளிப்பைக் கழற்றி, கையில் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று என் காதில் மாட்டி அனுப்புவார். அப்பா என் காதிலிருந்து எடுத்துக்கொள்வார்.

அங்கே ப்ளேன் விட வருகிறவர்களில் பல் டாக்டர் ஒருவர்தான் இதைப் பார்க்கச் சகிக்காமல் கேட்டார்.

"ஏனுங்க, செட்டுக்குள்ள இருக்கற கிரிஸ்டலை மாத்துனா சேனல் மாறிப்போகுமில்லீங்க. எங்கிட்டயே ஒரு ஜோடி சும்மா கெடக்குது. வாங்கிக்கறீங்களா?"

"மாத்தறவரு மாத்தட்டுமுங்க," என்றார் அப்பா.

அந்தப் பக்கம் போய் மாமாவிடம் கேட்டார். மாமாவும் ஒரு எழுத்துகூட மாறாமல் அதையே சொன்னார்.

இதெல்லாம் அவர்கள் பிரச்சினை. என் பிரச்சினை என் காது. எனக்கு அப்போது காது குத்தியிருக்கவில்லை. ஒன்பது வயது, பெண் பிள்ளை, வெறும் காது. குலதெய்வம் கோயிலில் வைத்துக் குத்துவதாக வேண்டுதல். ஒரு வருஷம் கோயிலில் திருப்பணி, அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு, அதற்கடுத்து இந்தப் பசைப் பிரச்சினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு அப்பாவும் அம்மாவும் ஜோடியாக மாமா வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அப்பா போகமாட்டார். அழைக்காமல் மாமா வரமாட்டார். ஸ்கூலில் என்னை "டேய் தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அழுத்தி மாட்டும் கம்மல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன், அது மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்குள் விழுந்தது. அதற்கப்புறம் பட்டப்பெயர் இன்னும் மோசம், எழுத முடியாது.

அம்மா கெஞ்சிப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார், கடைசியில் ஒருநாள் தட்டில் தோசையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பொம்மப் ப்ளேனுக்கு எம்புள்ள காதை அடமானம் வெச்சிருக்கறீங்க."

"நானா வெச்சேன்? உங்கண்ணன் பசை பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்னிக்கே வாரேன்."

"நகைக்கடைல குத்தறாங்களாமா. கூட்டிட்டுப் போயிறட்டுமா?"

அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் போகப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் இருக்கும்போது கடைக்காரன் நாற்காலியில் மகளை உட்காரவைக்க அவருக்கு மனசு வராது. பல் டாக்டர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பேசாம நான் குத்திப்போடட்டுமா அம்மணி? மரத்துப்போறதுக்கு ஊசி போட்டுக் குத்தற ஒரே ஆளு நாந்தான்," என்பார். நான் கிட்டத்தட்டச் சம்மதிக்கும் நிலையில் இருந்தேன்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது. க்ளிப் மாமாவிடம் இருந்தது. அப்பா இருபதடி தள்ளி, தன் செட்டின் ஏரியலை இழுத்து வைத்துக்கொண்டு, முறைக்காகக் காத்திருந்தார். மாமா அன்றைக்கு வழக்கத்தைவிட நிறைய உயரம் ஏற்றினார். சிவப்பு ப்ளேன் ஒரு மிளகாய்ப்பழம் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. நான் எல்லைக்கல் மேல் உட்கார்ந்து, காலி காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மாமா செட்டை ஆட்டினார். சுவிட்சைத் தட்டினார்.

"பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மேலே ப்ளேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கைக் கீழே போட ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் மாறியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் மாமா திரும்பி, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, உங்க செட்டைப் போடுங்க."

அப்பா செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ப்ளேன் விழுந்துகொண்டிருக்கிறது, இவர் சட்டம் பேசினார்.

"க்ளிப்பு உங்ககிட்டல்லங்க இருக்குது?"

"கொடுத்தனுப்பறனுங்க, நீங்க மொதல்ல போடுங்க."

"உங்க செட்டு நின்னுபோச்சுங்களா? ரெண்டும் ஓடுனா வம்பாப்போயிருமுங்க."

"நின்னுபோச்சுங்க, சாமி. போடுங்க."

மாமா க்ளிப்பைப் பிடுங்கி என் பக்கம் எறிந்தார். நான் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். பழக்கதோஷத்தில் காதில் மாட்டிக்கொண்டு ஓடினேன், அது வேறு கதை. நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு விதியை மீறியது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ப்ளேன் அதற்குள் தலைகுப்புற வந்துகொண்டிருந்தது. அதே சேனல், அதே மாதிரி செட், அதே வரைபடம். அப்பாவின் விரல் அசைந்ததும் அது கேட்டது. ஆனால் வேகமென்றால் அப்படி ஒரு வேகம், கீழே தென்னந்தோப்பு. நிமிர்த்த வேண்டுமென்றால் வெடுக்கென்று இழுத்தாக வேண்டும். போன தடவை எந்த இழுப்பில் இறக்கை கும்பிடு போட்டதோ, அதே இழுப்பு. அப்பா மாமாவை ஒரு தடவை பார்த்தார்.

"இழுங்க மாப்ள. தாங்குமுங்க," என்றார் மாமா.

அப்பா இழுத்தார். இறக்கை வில் மாதிரி வளைந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வளைந்தது, நிமிர்ந்தது. ப்ளேன் தென்னை மட்டைகளை உரசுகிற உயரத்தில் நேராகி, எங்கள் தலைக்கு மேல் விர்ரென்று போய், அகலமாக ஒரு சுற்று சுற்றி, தார் ரோட்டில் வந்து பூனை மாதிரி இறங்கியது. பல் டாக்டர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

மாமா போய் ப்ளேனைத் தூக்கி வந்து, அப்பாவின் முன்னால் வைத்து, இறக்கையின் நடுவில் விரலால் அழுத்திக் காட்டினார். அப்பாவும் அழுத்திப் பார்த்தார்.

"ஒட்டு கெட்டியா இருக்குதுங்க," என்றார் அப்பா.

"கையும் பதமாத்தானுங்க இருக்குது," என்றார் மாமா.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வழிந்த விளக்கெண்ணெயைத் துணியால் துடைத்தார்கள். துடைக்க அவ்வளவு எண்ணெய் இல்லை. பிறகு அப்பா ப்ளேனைப் பார்த்தபடியே கேட்டார்.

"வெள்ளிக்கெழம ஊட்டுல இருப்பீங்களா மச்சான்? நாங்க ரெண்டு பேரும் வாரோமுங்க."

"எங்க போயிறப்போறேன். வாங்க. சாப்பாடு நம்ம ஊட்லதான்."

நான் அப்பாவின் செட்டைப் பார்த்தேன். ஏரியலில் க்ளிப் இல்லை. என் காதிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் காது குத்தினார்கள். மாமா சீர்த்தட்டோடு வந்தார், கெடா வெட்டு, பந்தல், எல்லாம் முறைப்படி. மாமா மடியில் உட்கார்ந்து நான் போட்ட கத்தலில் மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். மாமா வேட்டியை நாசம் பண்ணினேன். "க்ளிப்பு போடறப்ப வலிக்கலியா கண்ணு? அந்த மாதிரிதான்," என்று பொய் சொன்னார். அந்த மாதிரி எல்லாம் இல்லவே இல்லை. திங்கட்கிழமை ஸ்கூலில் என் தலை நேராக நிற்கவே இல்லை, வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். ப்ளேன் இறங்கிய அன்றைக்கு அப்பாவும் நானும் மாமா காரிலேயே திரும்பினோம். சாமானெல்லாம் ஏற்றும்போது மாமாவின் செட்டைக் காருக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. அந்தச் செட்டின் நடுவில் ஒரு சின்ன முள் உண்டு. சுவிட்ச் போட்டால் பேட்டரி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நகரும். சிவப்பில் நின்றால் தீர்ந்தது, பச்சையில் நின்றால் நிறைய இருக்கிறது. எனக்கு அந்த முள் பிடிக்கும். ப்ளேன்கள் அணைந்துவிட்டன, க்ளிப் என் காதில் இருக்கிறது, ஆகவே சட்டப்படி எனக்கு உரிமை உண்டு என்று முடிவு செய்து, பின் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன்.

முள் சிவப்பைத் தாண்டிப் போய், பச்சையின் கடைசிக் கோட்டில் நின்றது.

"மாமா, செட்டு சரியாப்போச்சுங்க," என்று கத்தினேன்.

மாமா ப்ளேனைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தார். எட்டிப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார்.

"வெயிலுக்குச் சூடேறி நின்னிருக்கும் கண்ணு. ஆறுனதும் சரியாப்போச்சு. உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடாத, ரிப்பேருன்னு பிரிச்சுப்போட்டு உக்காந்துக்குவாரு."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அப்பா எதையும் பிரித்துவிடுகிற ஆள்தான். அதனால் நான் சொல்லவில்லை. செத்துப்போன பேட்டரி தானாகப் பச்சைக்கு ஏறாது என்று எனக்கு உறைக்க நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு, ஒரு நல்ல செட்டு வீணாகாமல் தப்பியதே என்ற சந்தோஷத்தில், அதை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை மாமாவுக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.