அக்கா தன் பெயரில் வாங்கிய வண்டி

எங்கள் அக்கா திருவிடைமருதூருக்குத் தெற்கே, அரசலாற்றுப் பாசனத்தில் உள்ள சிற்றூரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்களை வளர்த்தவர்கள். மூத்தவர் அக்கா, இளையவன் நான். எங்கள் தெருவிலிருந்து நர்சிங் படித்த முதல் பெண் அவர். கிராம சுகாதார செவிலியராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் ஊகித்து எழுதப் போவதில்லை.

முதலாம் ஆண்டு நினைவுக்கு இந்த மலரைப் போடுவது என்று முடிவானதும், "பொறுமையே உருவானவர்னு ஆரம்பிப்பா" என்றார் சித்தப்பா. மன்னிக்க வேண்டும், சித்தப்பா. அக்கா பொறுமைசாலி இல்லை. எதற்குப் பொறுமை இழந்தார் என்பதை உறவினர்கள் ஒருமுறையாவது சிரிக்காமல் கேட்க வேண்டும்.

அக்காவின் பொறுப்பில் ஏழு குடியிருப்புகள் இருந்தன. பாதிக்கு மேல் வாய்க்கால் கரைமேல்தான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவருடைய பழைய ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் கியர் வைத்த மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானித்தார். பஞ்சாயத்துத் திடலில் ஓட்டப் பழகி உரிமமும் எடுத்தார். கும்பகோணத்தில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

விற்பனைப் பையன் என்னைப் பார்த்தே பேசினான். "மேடத்துக்குன்னா ஸ்கூட்டர் காட்டுறேன் சார்."

"ஓட்டப்போறது நானுங்க. என்னப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அக்கா.

மேனேஜர் வந்தார். சிரித்த முகம். "எந்த ஊரு மேடம்?" அக்கா சொன்னார். "அங்க எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வி எதற்கென்று டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா குரலைத் தாழ்த்தாமல் தெருப் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு மேனேஜர் வாயில் 'மேடம்' வரவில்லை.

"ஏம்மா, லோன்தானே? உங்க ஆளுங்களுக்கு முன்பணம் கம்மியாப் போட்டுத் தர்றோம்."

"முழுப் பணமும் கட்டிடுறேன். வெல என்ன, அதச் சொல்லுங்க."

விலைச் சீட்டு வந்தது. பலகையில் எழுதியிருந்த விலை ஒன்று, சீட்டில் இருந்தது வேறொன்று. அக்கா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்தார்.

"ஹேண்ட்லிங் சார்ஜுன்னா என்னங்க?"

"குடோன்லேர்ந்து எடுத்துட்டு வந்து, தொடச்சுக் குடுக்கறதுக்கு."

"விக்கிற பொருளத் தொடச்சுக் குடுக்கத் தனியா காசா? சீட் கவர், முன்னாடி மாட்டுற கம்பி எல்லாம் நான் கேக்கவே இல்லையே, அதையும் எடுத்துருங்க."

அரை மணி நேரம் பேசினார். கடைசியில் மேனேஜர் குனிந்து மெல்லச் சொன்னார்: "உங்களுக்கு மட்டும் எடுத்துடறேன். வெளியில சொல்லாதீங்க."

நல்ல பேரம் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், மருமகனுக்கு அதே வண்டியை வாங்க வந்தவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சீட்டை அக்கா எட்டிப் பார்த்தார். எங்களுக்கு எழுதியதைவிட அதில் இன்னும் இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தன.

"ஐயா, இதுல கையெழுத்துப் போடாதீங்க."

"கண்ணாடி எடுத்தாரலம்மா. போடச் சொன்னாங்க, போடுறேன்."

மேனேஜருக்கு முகம் மாறியது. "உனக்குத்தான் கொறச்சாச்சுல்ல? அடுத்தவங்க வெவகாரத்துல உனக்கென்ன?"

"எனக்கு ரகசியமாக் கொறைக்கிற காச அவருகிட்ட புடுங்குறீங்க. ரெண்டு சீட்டையும் ஒண்ணா எழுதுங்க. இல்லன்னா ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போறேன்." அக்கா எழுந்து நின்று சொன்னது கடை முழுவதும் கேட்டது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடுக்கா, மானம் போவுது" என்றேன். பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு நடத்துகிற ஆசிரியர் நான்.

"நீ போயி டீ குடி" என்றார் அக்கா. போய்க் குடித்தேன்.

நான் திரும்பி வந்தபோது பெரியவர் புதுச் சீட்டோடு வாசலில் நின்றிருந்தார். "ஒங்க அக்காவா தம்பி? எனக்கு எழுதி முடிக்கிற வரைக்கும் அவங்க உக்காரவே இல்லப்பா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

உறவினர்களே, இந்தக் கதையைத்தான் கல்யாண வீடுகளில் "ஷோரூம்காரனையே சந்தி சிரிக்க வச்சவ" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அன்று வாங்கிய வண்டியில் சுடிதார் போட்டுக்கொண்டு போனதற்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள். அதே வண்டியில் வந்துதான் அக்கா உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார். வாய்க்கால் உடைத்துக்கொண்ட ஆண்டு, பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணை அதே வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் நான்கு மாதம் வேலைக்குப் போனார். தஞ்சாவூர் மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்திலும், தடுப்பூசி விட்டுப்போன இரண்டு குழந்தைகளின் பெயரைச் சொல்லி எனக்கு நினைவுபடுத்தினார். தை மாத அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்களை விட்டுப் போனார்.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த செவிலிய சகோதரிகளுக்கும், சிகிச்சைக்குப் போய்வர ஆட்டோ ஓட்டிய எங்கள் தெருத் தம்பிக்கும், அறுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்ற ஏழு குடியிருப்புப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களுக்கு எத்தனை முறை கைகூப்பினாலும் போதாது.

காரியத்தன்றே "ஓடாமத்தானே நிக்குது, குடுத்துடேன்" என்று வண்டியைக் கேட்ட மூன்று உறவினர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியப் பெண் நடந்தே போய்க்கொண்டிருந்தார். அவர் கியர் வண்டி ஓட்டப் பழகி முடித்துவிட்டார். ஆர்.சி. புத்தகத்தை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி அதைக் கேட்டு யாரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.