இங்குன் கொடுத்த இரத்தம்

பெர்கன் ஊரில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள செல்களை வளர்க்கும் புட்டிகளில் சோப்பு படவே கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து முறை அலச வேண்டும். மற்றவற்றுக்குச் சோப்பு உண்டு. எது எந்தப் புட்டி என்று மேலே எழுதித்தான் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். நான் பிறந்த தீவின் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் படித்தவள். எனக்கு அதை வாசிக்க வராது. இரண்டையும் கலந்து கழுவிவிட்டேன், சொல்லவும் வெட்கம். மறுநாள் காலை வந்து பார்த்தால், செல் புட்டி ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. நூறு புட்டிக்கு மேல் இருக்கும். யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"டேப் மிச்சம் கிடந்துச்சு," என்றாள் இங்குன், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இங்குன் தெயிக்லாந்த் ஹார்டாங்கர் பக்கத்துப் பழத்தோட்டக் குடும்பத்தில் நாலாவது பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் அதே அறையில், அதே முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஜெபவீட்டுக்குப் போவேன். அவள் மலையில் பனிச்சறுக்குக்குப் போவாள். திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும், "உங்க ஜெபவீட்ல பிரசங்கம் நீளமா, காபி நல்லாருந்துச்சா?" என்பாள். காபி நன்றாக இருந்தால் பிரசங்கத்தை மன்னித்துவிடலாம் என்பது அவள் கட்சி.

ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் அவள் கையை நீட்டி இரத்தம் கொடுப்பாள். டாக்டர் ஹால்வரின் ஆராய்ச்சிக்கு மனித செல் வேண்டும். ஆள் மாறினால் கணக்கும் மாறுமாம்; அதனால் எட்டு வருஷமாக அவள் ஒருத்தியின் இரத்தம்தான். கொடுத்துவிட்டுப் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, தன் இரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

அந்த ஆராய்ச்சி என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தப் பெரிய செல்லுக்குக் கண்டதையும் விழுங்குறதுதான் வேலை," என்றாள். "ஒட்டுண்ணி வந்தா அதையும் விழுங்கிடும். ஆனா கொல்லாது, சும்மா உக்காந்திருக்கும். உள்ள போனது அங்கேயே குடித்தனம் பண்ணும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். கடைசில செல்லையே கிழிச்சுட்டு வெளிய வந்துரும்."

"அப்போ நாமெல்லாம் எப்படி உயிரோட இருக்கோம்?"

"வேற ஒரு வெள்ளையணு இருக்கு. எதிரி வந்தது தெரிஞ்சா அது ஒரு சேதி அனுப்பும். இன்டர்ஃபெரான்னு பேரு. அது பட்டதும் இந்தச் சோம்பேறி முழிச்சுக்கும். வயித்துக்குள்ள இருக்கறதை அங்கேயே கொன்னுடும்."

"கர்த்தர் எவ்வளவு நுணுக்கமாப் படைச்சிருக்கார் பாரு."

"ஒட்டுண்ணியப் படைச்சது யாரு?"

"அவர்தான்."

"அப்போ ரெண்டு பக்கமும் உங்க ஆளுதான் ஆடுறாரா?"

அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

1986ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் செல்கள் கொல்வதை நிறுத்திவிட்டன. இன்டர்ஃபெரான் கொடுத்தும் பயனில்லை. ஒட்டுண்ணிகள் உள்ளே பெருகிக்கொண்டே இருந்தன. ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். மூன்று தடவை தொடர்ந்து அப்படியே ஆனது. ஆறு வாரம் வீண். டாக்டர் ஹால்வர் கழுவும் அறைக்கு வந்து புட்டிகளை மோந்து பார்த்தார்.

"மார்த்தா, சோப்பு மிச்சம் இருக்குமோ?"

"இருக்காது டாக்டர். இப்போ பத்துக்குப் பதிலா இருபது தடவை அலசுறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. புத்தாண்டுலேர்ந்து பிளாஸ்டிக் தட்டு வாங்கலாம்னு இருக்கோம். ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடலாம்."

அவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் பிளாஸ்டிக் வந்தால் கழுவும் அறை எதற்கு? எனக்கு ஐம்பத்தொரு வயது; வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. புட்டிகளைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவும்போதே ஜெபம் செய்தேன். விரல் தோல் வெடித்தது. இங்குன் இரண்டு மூன்று முறை வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் ஊசியோடு என்னிடம் வந்தாள்.

"சட்டைக் கையை மடக்கு."

"எதுக்கு?"

"உன் செல்லும் என் செல்லும் பக்கத்துல பக்கத்துல வளரட்டும். ரெண்டும் நீ கழுவின புட்டியிலதான்."

"என் இரத்தத்துல என்ன இருக்கப் போகுது? உருளைக்கிழங்கும் மீனும்தான்."

"அது போதும்."

பத்து நாள் கழித்து என்னை அந்த முக்காலியில் உட்காரவைத்து மைக்ரோஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னாள். என் செல்கள் கூழாங்கற்களைப் போலத் தெளிவாகக் கிடந்தன. நூற்றுக்குப் பதினெட்டில்தான் ஒட்டுண்ணி இருந்தது. கண்ணாடித் தட்டை மாற்றினாள். அவளுடைய செல்களில் நூற்றுக்கு எழுபத்தொன்றில் இருந்தது; ஒவ்வொன்றும் திராட்சைக் குலையைப் போலப் பிதுங்கி நின்றது.

"புட்டி ஒண்ணுதான். சேதியும் ஒண்ணுதான்," என்றாள். "என் செல்லுக்குக் காது கேக்கல."

அப்புறம் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் மூட்டு வலிக்கு அக்டோபரிலிருந்து கார்ட்டிசோன் சாப்பிடுகிறாளாம். வலியை அடக்கும் அந்த மருந்து செல்களையும் அடக்கிவிடும். அது மட்டுமல்ல, அதைச் சாப்பிடுகிறவர்கள் உயிருள்ள ஒட்டுண்ணியைத் தொடவே கூடாது என்பது விதி. உடம்புக்குள் போய்விட்டால் தடுக்க ஆள் இல்லை. சொன்னால் அந்த முக்காலி போய்விடும் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்போ டாக்டர்கிட்ட சொல்லப்போறியா?" என்றேன்.

"பின்ன? உன்னையா அனுப்ப முடியும்? நீ போனா அங்க முழங்கால் போட்டுருவ."

அவர் அறைக்குள் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. அவர், "எட்டு வருஷமா உங்க செல்லுக்குத்தான் இங்க பேரு, இங்குன்," என்றது கேட்டது. அவள், "இனிமே அந்தப் பேரை மார்த்தா செல்லுக்குக் குடுங்க," என்றாள்.

பிளாஸ்டிக் வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையில் கழுவினேன். ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை கையையும் நீட்டினேன். இங்குனைக் கீழ்மாடியில் கோப்புகள் வைக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. முதல் வருஷம் மதியச் சாப்பாட்டுக்குக்கூட மேலே வரமாட்டாள். நான்தான் இறங்கிப் போவேன். ஒட்டுண்ணிகள் சௌக்கியமா என்று சொந்தக்காரர்களை விசாரிப்பதைப் போலக் கேட்பாள்.

பிற்பாடு அவள் ஹார்டாங்கரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசியாக ஒரு செப்டம்பரில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் கர்த்தர் அவளை அழைத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்த அன்றைக்கே அவளால் கோப்பையை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் குடித்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"மார்த்தா, முதல் தடவை செல் கொல்லாம போச்சே, அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றாள். "மாத்திரைதான் காரணம்னு தெரிஞ்சும் ஆறு வாரம் உன்னைக் கழுவ விட்டேன்."

"தெரியும்," என்றேன். "வாசல்ல வந்து வந்து நின்னியே."

அவள் தோளால் கதவை இன்னும் அகலத் தள்ளினாள்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல நீ. அந்த ஜெபவீட்டுல பொறுமைய மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா? சரி போ, பஸ் வந்துடும். அடுத்த தடவை வரும்போது திட்டிட்டுப் போ."