அஞ்சலை மனைக்கு வடக்கு

அந்தச் செயலாளர் பொய் எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தில் நூறு வீடுகூட இல்லாத ஒரு கிராமம். அந்த ஊர் சர்ச்சை ஒட்டி ஒரு வரலாற்றுக் குழு இருக்கிறது. அதற்குத்தான் அவர் செயலாளர். ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி அந்தக் குழு சர்ச் சுவரில் ஒரு பெயர்ப் பலகை வைக்கப்போகிறது; ஒரு புத்தகமும் போட்டிருக்கிறது. அதில் ஜோசப் என்பவரின் பக்கத்தில், 'மனைவி: பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது. தெரியும். அவள் பெயர் அஞ்சலை. நான் கண்டுபிடித்து, அரசு முத்திரை வைத்த நகலோடு அனுப்பினேன். கிடைத்தது என்று அவர் பதிலும் போட்டார். புத்தகம் அச்சுக்குப் போனது அதற்கப்புறம்தான்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கடலூர், சிதம்பரம், மறுபடி கடலூர். பெரும்பாலும் ரெக்கார்டு ரூம்தான். வில்லங்கம் போடுகிற வேலை. ஒரு சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பழைய வால்யூம்களைப் புரட்டித் தேடி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி கோபத்தில் எழுதுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1. நில் சர்டிபிகேட்

சேர்ந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரு மனுவுக்குத் தேடிப் பார்த்து, பதிவு எதுவும் இல்லை என்று 'நில்' எழுதி மேஜைக்கு அனுப்பியிருந்தேன். சார்பதிவாளர் கூப்பிட்டார். எதிரில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

"யோவ், இதுல நில்னு எழுதியிருக்கியே, எதப் பாத்து எழுதுன?"

"இண்டெக்ஸ் ஒண்ணு பாத்தேன் சார்."

இண்டெக்ஸ் ஒன்று என்பது ஆள் பெயர் வரிசை. இண்டெக்ஸ் இரண்டு ஊர் வாரியாகச் சொத்து வரிசை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

"பேர மட்டும் பாத்துட்டு நெலத்த யாரு பாக்குறது, ஒங்கப்பாவா? அத ஏற்கெனவே ஒருத்தனுக்கு வித்துட்டான்யா. இத நம்பி வாங்குறவன் தெருவுக்கு வந்துருவான்."

அவர் வால்யூமைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

"நாலெல்லைய படி. தன் பத்திரத்துல எவன் வேணா என்ன வேணா எழுதிக்குவான். பக்கத்து மனைக்காரன் எல்லையில பொய் எழுத மாட்டான். அவனுக்கு அதுல என்ன லாபம்?"

எந்தக் கிரயப் பத்திரத்திலும் கடைசியில் நான்கு எல்லை எழுதியிருக்கும். இன்னார் மனைக்கு வடக்கு, இன்ன தெருவுக்கு மேற்கு என்று. அந்த இன்னார் தன் பெயரில் ஒரு பத்திரம்கூடப் பதியாதவராக இருக்கலாம். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் எல்லையாக உட்கார்ந்திருப்பார். அவரைத் தேட அங்கேதான் போக வேண்டும். அந்த முப்பத்திரண்டு வருஷமும் நான் பிழைத்தது இந்த ஒரு வழியால்தான்.

2. மஞ்சக்குப்பத்தில் ஒரு விருந்தாளி

ரிட்டயர் ஆன பிறகு, வெளிநாட்டிலிருந்து முன்னோர்களைத் தேடி வருகிறவர்களுக்கு ஒத்தாசை செய்ய ஆரம்பித்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்து வெள்ளைக்காரர் கல்லறைகளில் பெயர் படிப்பது, சர்ச் ரிஜிஸ்டர் பார்ப்பது. அப்படி வந்தவர்தான் அந்தச் செயலாளர். மரியாதையான மனிதர். வெயிலில் முகமெல்லாம் சிவந்துபோய், ஒவ்வொரு கல்லறையாகக் குனிந்து குனிந்து படித்தார். "நன்றி, நன்றி" என்று டீக்கடைக்காரரிடம் மூன்று தடவை சொன்னார்.

அவர் தேடிய ஜோசப் ஒரு கொத்தனார் மகன். இங்கே ரயில் பாதை போட்ட காலத்தில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு மேற்பார்வையாளாக வந்தவர். காய்ச்சலில் இங்கேயே செத்துப்போனார். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளை ஜோசப்பின் அக்கா இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் வம்சம்தான் இந்தச் செயலாளர். இளையவள் என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது.

சர்ச் ரிஜிஸ்டரில் இரண்டு குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இருந்தது. தகப்பன் ஜோசப், குடியிருப்பு புவனகிரி. தாய் என்கிற கட்டம் காலி. இரண்டு பதிவிலும் காலி.

புவனகிரியின் பழைய வால்யூம்கள் இருக்கிற சிதம்பரம் ஆபீஸில் மனு போட்டு ஜோசப் பெயரைத் தேடினேன். ஒன்றும் இல்லை. 'மனைவி பெயர் கிடைக்கவில்லை' என்று செயலாளருக்கு எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. முதல் வாரம் செய்த அதே தப்பை, ரிட்டயர் ஆகித் தலை நரைத்த பிறகு மறுபடியும் செய்தேன். அவர்கள் ஊர் வழக்கப்படி ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பெயரைப் பிடித்துக்கொண்டே போனேன். நிலத்தைப் பார்க்கவில்லை.

3. மச்சான் கேட்ட கேள்வி

என் மனைவியின் தம்பி புவனகிரியில் பத்திர எழுத்தர். பேச்சுவாக்கில் அவனிடம் சொன்னேன். அவன் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் மாமா, வெள்ளக்காரனுக்குன்னா நாலெல்ல பாக்க மாட்டீங்களா?"

"அவுங்க கேட்டது பேருடா மச்சான்."

"ஊர்ல இருக்குற கிளார்க்கையெல்லாம் எல்லையப் பாரு, எல்லையப் பாருன்னு திட்டுவீங்க. சூட்டு போட்டு ஒருத்தன் வந்தா மறந்துபூடுமா? ரிட்டயராயி ரொம்ப நாளாச்சு, ரெஸ்ட் எடுங்க மாமா."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய், புவனகிரி கிராமத்துக்கு இண்டெக்ஸ் இரண்டை வருஷம் வருஷமாகப் பார்க்க மனு போட்டேன். ஒன்பது தடவை நடந்தேன். ஜோசப் செத்துச் சில வருஷம் கழித்துப் பதிவான ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. ஒரு செட்டியார் இன்னொரு செட்டியாருக்கு எழுதிக் கொடுத்த காலி மனை. தென் எல்லையில் இப்படி இருந்தது: 'ஜோசப்பு துரை சம்சாரம் அஞ்சலை மனைக்கு வடக்கு.'

வைப்பு என்று எழுதவில்லை. வேலைக்காரி என்று எழுதவில்லை. சம்சாரம் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதின ஆளுக்கு அஞ்சலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை எழுதினான், அவ்வளவுதான்.

4. டெய்லர் கடை

எல்லைகளை வைத்து மச்சான் அந்த மனையை அடையாளம் காட்டினான். அங்கே இப்போது செல்வி என்கிற பெண் தையல் கடை வைத்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாய்ப்பத்திரத்தை எடுத்து வந்தது. அதன் முதல் வரியிலேயே, 'எங்கள் பாட்டி அஞ்சலை அனுபவத்தில் இருந்துவந்த மனை' என்று இருந்தது. பாகம் பிரித்து எழுதிக்கொண்டவர்கள் ஜோசப்பின் அந்த இளைய மகளின் பிள்ளைகள்; செல்வி அவர்கள் வம்சம். அஞ்சலையின் புருஷன் பெயர் அதில் இல்லை.

"அந்தப் பேரு இல்லாததுக்கு எங்க வூட்டுல எத்தன பேரு அழுதுருக்காங்க தெரியுமா சார்?" என்றது செல்வி. "போன மாசம் மங்கலம்பேட்டையிலேருந்து எம் பொண்ண பாக்க வந்தாங்க. எல்லாம் பேசி முடிஞ்சிது. மாப்ள வூட்டுப் பெரியவரு எழுந்திருக்கும்போது கேக்குறாரு, 'ஒங்க வம்சத்துல ஒருத்திய எவனோ வச்சிருந்தானாமே'ன்னு. நாலு தலமொற ஆச்சு சார். இன்னும் வுட மாட்றானுவோ."

நகலைக் கொடுத்தேன். 'சம்சாரம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டது. பிறகு கேட்டது:

"அந்த வெள்ளக்காரரு அக்கா வழி, நான் தங்கச்சி வழி. அப்ப எனக்கு அவுரு அண்ணன் மொறதான?"

"அப்புடித்தான் வருது."

"நல்ல அண்ணன். கடலூரு வரைக்கும் வந்துட்டு, தங்கச்சி வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காம போயிட்டாரு பாருங்க."

சிரித்தது. சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"எனக்கு அவுங்க ஊரு வேணாம், விசா வேணாம். சர்ச்சுல ஏதோ பலகை வைக்கிறாங்கன்னீங்களே, அதுல அந்தாளு பேருக்குப் பக்கத்துல அஞ்சலைன்னு நாலு எழுத்து எழுதச் சொல்லுங்க. அத போட்டோ புடிச்சி மங்கலம்பேட்டைக்கு அனுப்புறேன்."

எழுத வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. வந்த பதில்

நகல், அதன் மொழிபெயர்ப்பு, செல்வியின் தாய்ப்பத்திரப் பிரதி எல்லாவற்றையும் தபாலிலும் மெயிலிலும் அனுப்பினேன். என் முதல் கடிதம் தப்பு, அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் தெளிவாக எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கிடைத்ததாம். மிகவும் சுவாரசியமாம். ஆனால் சர்ச் ரிஜிஸ்டரில் இல்லாத பெயரைச் சேர்ப்பதில்லை என்பது குழுவின் விதியாம்.

அப்புறம் புத்தகம் வந்தது. 'பெயர் தெரியவில்லை.' அதே வார்த்தைகள்தான் சர்ச் சுவரில் வைக்கப்போகிற பலகையிலும் வருமாம். பலகை இன்னும் ஏறவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, நான் கற்றது இதுதான். 'இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால், எங்கே தேடினாய் என்று உன்னையே கேட்டுக்கொள். தேடாமல் 'இல்லை' என்று எழுதுவது தப்பு. நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். கையில் வைத்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதுவதற்கு வேறு பெயர். அப்படி ஒரு கிளார்க் செய்தால் எங்கள் துறையில் சஸ்பெண்ட் செய்வார்கள்.

இதை இங்கிலீஷில் மாற்றி அந்தக் குழுவுக்கும் அனுப்புகிறேன். செயலாளர் அவர்களே, உங்கள் விதி உங்களோடு இருக்கட்டும். விதிப்படி சேர்க்கவில்லை என்றால், 'பெயர் அஞ்சலை, எங்கள் விதிப்படி சேர்க்கவில்லை' என்று எழுதுங்கள். படிக்கிறவர்கள் உங்கள் விதியைப் பற்றி முடிவு செய்துகொள்வார்கள். நீங்கள் எழுதியது அதுவல்ல. தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களுக்கும் பாட்டி.

எனக்குத் தனியாக மெயில் போட வேண்டாம். பலகை சுவரில் ஏறுவதற்கு முன், உங்கள் சர்ச் மாத இதழில், உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் படிக்கும்படி, உங்கள் கையெழுத்தோடு பதில் எழுதுங்கள். அஞ்சலையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?