தன் வேலை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவர்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத வரிசையில் நிற்கிறார்கள். விமானத்தில் தீயணைக்கும் பாட்டில் மாட்டுகிறவரின் வாழ்க்கையை எழுத ஆளில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவருக்குப் 'பாட்டில்காரர்' என்று பெயர். இந்தப் பெயர் பெண் பார்க்கப் போன வீட்டுக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணம் முடியும்வரை மாமனார் அவர் அருகே வந்து மூச்சை இழுத்து இழுத்து மோப்பம் பிடித்தாராம்.

உண்மையில் அவர் தொடும் பாட்டில் உருண்டையான உலோகக் குண்டு. உள்ளே ஒரு வாயு அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். வாயில் சின்னத் தோட்டா ஒன்று. விமானி பொத்தானை அமுக்கினால் தோட்டா வெடித்து, மூடி கிழிந்து, வாயு சீறிப் போய் நெருப்பின் குரல்வளையைப் பிடிக்கும். அமுக்காதவரை பாட்டில் சும்மா கிடக்கும். ஆயுள் முழுக்கச் சும்மா கிடந்தால் அது நல்ல பாட்டில். இதே தகுதி நம்மில் பலருக்கு இருந்தும் யாரும் பாராட்டுவதில்லை.

புகையை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர் மாட்டுவது அவருடைய இன்னொரு வேலை. பயணிகளின் காலுக்குக் கீழே உள்ள சரக்கறையின் கூரையில் அவை ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இருட்டுக் கூடு, அதில் மெல்லிய ஒளிக்கீற்று. புகை நுழைந்தால் ஒளி சிதறி, ஓரமாகக் காத்திருக்கும் மின்கண்ணில் படும். ஒன்று மட்டும் 'புகை' என்றால் விமானம் நம்பாது. இரண்டும் சொன்னால்தான் விமானிக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும். மாமியாரும் மருமகளும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது போல.

இப்படி ஊரார் பறக்க உழைத்தவர், தான் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. வேறு ஊரில் மகளுக்குக் குழந்தை பிறந்ததும், "ரயில்ல போனா புள்ள நடக்க ஆரம்பிச்சிரும்" என்று மனைவி சொல்லிவிட்டார். டிக்கெட் எடுத்தாயிற்று. புதுச் சட்டையும் எடுத்தாயிற்று.

ஏறும்போது விமானத்தின் வாலில் இருந்த எண்ணைப் பார்த்தார். முந்தின நாள் இதன் சரக்கறையில் தவழ்ந்து, இரண்டு டிடெக்டர்களையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டியவர் அவரேதான்.

"இது நான் கை வச்ச வண்டி," என்றார் பெருமையாக.

"அப்போ இறங்கிடலாமா?" என்றார் மனைவி.

மேகத்துக்கு மேலே போனதும் தலைக்கு மேலிருந்த காற்றின் இரைச்சல் சட்டென்று தணிந்தது. காலுக்கடியில் 'டப்' என்று ஒரு சத்தம். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பத் தொடங்கியது.

"என்னங்க, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"விசிறிய நிறுத்திட்டாங்க."

"எனக்கொண்ணும் புழுக்கமா இல்லையே."

"கீழ புகைன்னா அது மேல வரக்கூடாதுன்னு நிறுத்துவாங்க. டப்புனு கேட்டுச்சே, அது என் பாட்டில்."

சின்ன எச்சரிக்கை காரணமாகத் திரும்பிப் போகிறோம், கவலை வேண்டாம் என்று விமானி ஒலிபெருக்கியில் சொன்னார். கவலை வேண்டாம் என்றதும் எல்லாரும் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

பாட்டில்காரருக்கு எல்லாம் தெரியும். முதல் பாட்டில் ஒரே மூச்சில் கொட்டிவிடும். இரண்டாவது, தரையிறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இங்கிருந்து சரக்கறைக்கு வழி கிடையாது. இருந்தாலும் திறக்கக் கூடாது, வாயு வெளியேறிவிடும். நெருப்பு அணைந்ததா என்பது விமானிக்கே தெரியாது. இவ்வளவும் தெரிந்தவருக்கும், ஒன்றும் தெரியாத பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரே மாதிரி பெல்ட். எழுந்து பார்த்தார். பணிப்பெண் ஓடி வந்தார்.

"உட்காருங்க சார்."

"ரெண்டாவது பாட்டில் திறந்தாச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா."

"இறங்கினதும் குடிக்கத் தர்றோம் சார். இப்ப உட்காருங்க."

உட்கார்ந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமா சொல்லுங்க. கீழ தீயா?"

"ரெண்டு டிடெக்டரும் சேர்ந்து கத்தியிருக்கு. நான் சரியா மாட்டியிருந்தா, தீ."

"தப்பா மாட்டியிருந்தா?"

"தீ இல்ல. நாம பொழச்சோம். என் வேலைதான் போகும்."

மனைவியின் முகம் தெளிந்தது. "நம்ம வீட்டுக் குழாய மாட்டினதும் இதே கைதானே? பயப்படாதீங்க. கண்டிப்பா தப்பாத்தான் இருக்கும்."

ஆறுதலாக இருந்தது. ஆனாலும் ஆதாரம் வேண்டுமே? கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய வேலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். எங்காவது ஒரு திருகாணி லூசாக, ஒரு ஒயர் இளகலாக, ஒரு சின்ன அலட்சியமாவது கிடைக்காதா என்று தேடினார். பாவி மனிதர், அத்தனையையும் ஒழுங்காகச் செய்திருந்தார். சோதனைப் புகைகூட ஊதிப் பார்த்திருந்தார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் நேர்த்தியை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

குனிந்து தரை சுடுகிறதா என்று தடவிப் பார்த்தார். அதைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அந்த வரிசையே காலைத் தூக்கியது.

"கடவுளே, நான் உருப்படாதவனா இருக்கணும்," என்று முணுமுணுத்தார். விமானம் இறங்கியது.

தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்துகொள்ள, பயணிகளை அவசரமாக இறக்கிப் பேருந்தில் அடைத்தார்கள். அவர் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். சரக்கறைக் கதவு திறந்தது. தீயும் வரவில்லை, புகையும் வரவில்லை. அவருடைய கொட்டகை ஆள் ஒருவன் உள்ளே தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, தீயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! பூவு! சொதசொதன்னு தண்ணி தெளிச்சு பெட்டி பெட்டியா ஏத்தியிருக்கான். ஆவி கிளம்பியிருக்கு."

"டிடெக்டர்?"

"ரெண்டும் தங்கம்ணே. அதுக்கு ஆவி எது, புகை எதுன்னா தெரியும்?"

அவன் பின்னாலேயே கொட்டகை மேலாளர் வந்தார்.

"நல்லவேளை, நீங்க இங்கயே இருக்கீங்க! ரெண்டு பாட்டிலும் காலி. இன்னிக்கு டியூட்டில இருக்கறவனுக்குத் தோட்டா தொட அனுமதி கிடையாது. கொஞ்சம் மாட்டிக் குடுத்துடுங்க."

"நான் லீவு சார்."

"நீங்க போக வேண்டிய வண்டியும் இதானே?"

பாட்டில்காரர் புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சரக்கறைக்குள் தவழ்ந்து போனார். தோட்டா, திருகாணி, ஒயர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே வந்தபோது அதே பூப்பெட்டிகள் மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"சார், இதையா திரும்ப ஏத்தறீங்க?"

"துடைச்சாச்சு," என்றார் மேலாளர்.

பாட்டில்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேலாளர் ஏற்கனவே அடுத்த விமானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். பயணிகளை மறுபடி ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. சட்டையெல்லாம் கறையோடு தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை எப்படி மாட்டினீங்க?" என்று மனைவி மெல்லக் கேட்டார்.

"சரியாத்தான்."

"ஐயையோ," என்றார் மனைவி. பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டார்.